தேயிலை வாட்டிய மாடியில் மனிதர் குடியேறினால்

பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். இலையை உருட்டும் ரோலருக்கோ, நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரத்துக்கோ போகும் முன் அதை 12 முதல் 18 மணி நேரம் காற்றில் வாட்ட வேண்டும். குன்னூர், கோத்தகிரி வட்டாரத்துப் பழைய டீ பேக்டரிகள் மூன்று நான்கு மாடி எழும்பி, நெடுக வரிசையாகச் சன்னல் வைத்து நிற்பது அதற்காகத்தான். மேல்மாடிகள் முழுக்க வாட்டும் மாடிகள். ஈரத்தைக் காற்றோடு வெளியே அனுப்புவதே அந்தக் கட்டடத்தின் வேலை.

இலை வரத்துக் குறைந்தும் விலை இறங்கியும் இவற்றில் பல மூடிக் கிடக்கின்றன. அலுவலகமாக, நூலகமாக, விடுதியாக மாற்றலாம். ஆனால் "இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் கரண்ட் செலவு குறையும்" என்ற வாதம் உடனே வரும்.

புதிதாகக் கட்டவே எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியாகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். தளப்பரப்பு 1,000 சதுர மீட்டர். புதுக் கட்டடத்துக்குச் சதுர மீட்டருக்கு 0.4 கன மீட்டர் கான்கிரீட்டும் 45 கிலோ கம்பியும் ஆகும் என்று கொள்வோம். கன மீட்டருக்கு 320 கிலோ வீதம் சிமெண்ட் மட்டும் 128 டன். ஒரு கிலோ சிமெண்டுக்கு ஏறக்குறைய 0.8 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. சூளையை எவ்வளவு சுத்தமான எரிபொருளில் எரித்தாலும் இதில் பெரும்பகுதி குறையாது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல் சுடும்போது 44 கிலோ வாயுவாகப் பறந்துவிடுகிறது, அது கல்லுக்குள்ளேயே இருப்பது. சிமெண்டுக்கு 100 டன், 45 டன் கம்பிக்குச் சுமார் 110 டன், ஆக 210 டன். செங்கல், கண்ணாடி, டைல்ஸ் இதில் சேரவில்லை. கான்கிரீட்டுக்கான பொருள்கள் சுமார் 900 டன். பெரும்பகுதி சமவெளியிலிருந்து வந்தால், 10 டன் லாரியில் 90 நடை, மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வர வேண்டும்.

மலையில் இன்னொரு செலவும் உண்டு. புதுக் கட்டடம் என்றால் சரிவை வெட்டிச் சமதளமாக்க வேண்டும். 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது சரிவுகள் இடிந்து எத்தனை உயிர்கள் போயின என்பதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. பழைய பேக்டரி நிற்கும் தளமோ பல பருவமழை பார்த்து இறுகிய மண். ஆனாலும் இரும்புச் சட்டகத்தில் பாதி துருவேறி மாற்ற வேண்டியிருந்தால், இடிக்காமல் விடுவதால் கிடைக்கும் மிச்சம் வெகுவாகக் கரைந்துவிடும். அதனால் முதல் செலவு அளந்து பார்ப்பதற்கு.

அளக்கும்போது பலரும் ஏமாறுவது மாடித் தளத்தில். கனத்த தொழிற்சாலை, ஆகவே பலமான தளம் என்று எண்ணிவிடுகிறார்கள். கீழ்த்தளத்துக்கு அது பொருந்தும். ரோலரும் டிரையரும் அங்கேதான் ஓடின. வாட்டும் மாடி தாங்கியதோ சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிலோ பச்சிலையும் அதைப் பரப்பிய வலைத் தொட்டியும்தான். கட்டடம் தாங்க வேண்டிய பாரத்தைச் சொல்லும் இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 875-இன்படி அலுவலகத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குத் தோராயமாக 250 முதல் 400 கிலோ, நூலகத்தில் புத்தக அடுக்குகள் நிற்கும் தளத்துக்கு 600 கிலோவுக்குக் குறையாமல் கணக்கிட வேண்டும். ஆகவே புத்தக அடுக்கும் கூட்ட அரங்கும் கீழே, மேசை நாற்காலி மேலே என்று பிரிப்பதே முறை.

மேல்தளத்தையும் பலப்படுத்தலாம். குறுக்குச் சட்டங்களின் நடுவில் ஓர் இரும்பு உத்தரம் கொடுத்தால் தாங்கும் நீளம் பாதியாகும். நீளம் பாதியானால் வளைக்கும் விசை கால் பங்கு, தொய்வு பதினாறில் ஒரு பங்கு. இத்தனை பலன் தரும் சிறு வேலை வேறு இல்லை. ஆனால் பழைய இரும்பில் வெல்டிங் வேண்டாம். வார்ப்பிரும்புத் தூண் சூட்டில் விரிசல் விடும்; பழைய உருக்கில் கந்தகமும் பாஸ்பரஸும் கூடுதலாக இருந்தால் வெல்டிங் ஓரத்திலேயே பிளக்கும். போல்ட்டும் கிளாம்பும் போதும். சுவருக்குள் புதைந்திருக்கும் மரச்சட்டத்தின் முனைகளை ஒன்றுவிடாமல் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். ஈரமானியில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் உளுப்பு வரும் இடம் அது. கெட்ட முனையை அறுத்து இரும்புக் காலணி (முனையைத் தாங்கும் இரும்பு உறை) பூட்டி, சுற்றிலும் 15 மில்லிமீட்டர் காற்றிடைவெளி விட வேண்டும்.

அடுத்தது கூரை. இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். வெறும் தகரக் கூரை 500 சதுர மீட்டர், உள்ளே வெளியைவிட 10 டிகிரி சூடு வேண்டும் என்றால் 30 கிலோவாட்டுக்கு மேல் கூரை வழியே ஓடிவிடும். 100 மில்லிமீட்டர் பாறைக் கம்பளி, அதாவது ராக்வூல் போட்டால் அது 2 கிலோவாட்டாகச் சுருங்கும். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) வேறு, ராக்வூல் வேறு. பழைய கூரையில் கல்நார் ஷீட் இருந்தால் உடைக்காமல், துளையிடாமல், நனைத்து, உரிய முகக்கவசம் அணிந்த பயிற்சி பெற்றவர்களே முழுசாக இறக்க வேண்டும்.

கம்பளியை எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் கோளாறு பிறக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரிடமிருந்து மணிக்குச் சுமார் 50 கிராம் நீராவி வருகிறது. 50 பேர் 8 மணி நேரம் இருந்தால் 20 கிலோ தண்ணீர். வாட்டும் மாடியில் இதைப்போல் பல மடங்கு ஈரம் காற்றோடு போய்விடும். நாமோ குளிருக்குப் பயந்து சன்னலை அடைத்துவிடுகிறோம். 20 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் கன மீட்டருக்கு 10 கிராமுக்குச் சற்று மேல் நீராவி இருக்கும். இரவில் தகரம் 8 டிகிரிக்கு இறங்கினால் அதையொட்டிய காற்றால் 8 கிராம்தான் தாங்க முடியும். மீதி தகரத்தின் அடியில் வியர்த்துச் சொட்டும். தகரத்தோடு ஒட்டிக் கம்பளியைத் திணித்தால் அது நனைந்து சூடு காக்கும் திறனை இழக்கும், தகரம் உள்ளிருந்து துருப்பிடிக்கும், ஒழுகுகிறது என்று எண்ணி மேலே தார் பூசுவார்கள்.

சரியான வரிசை கீழிருந்து மேலாக: கூரைப் பலகை, அதன்மேல் நீராவியைத் தடுக்கும் படலம், கம்பளி, 50 மில்லிமீட்டர் காற்றோட்ட இடைவெளி, கடைசியில் தகரம். படலம் எப்போதும் சூடான பக்கத்தில். அதில் விளக்குக்காகப் போடும் ஒவ்வொரு துளையும் ஆவிக்கு வாசல்; வயரை படலத்துக்குக் கீழேயே ஓட்டுங்கள். வயரிங்குக்கு முன் இடுக்குகளில் படிந்த தேயிலைத் தூசியை வேக்குவத்தால் எடுத்துவிட வேண்டும், அது தீப்பிடிக்கும் பொருள்.

கூரை சரியான பிறகு கணக்கு மாறுகிறது. ஆளுக்கு விநாடிக்கு 10 லிட்டர் புதுக்காற்று என்றால் 50 பேருக்கு மணிக்கு 1,800 கன மீட்டர். அதை 10 டிகிரி சூடேற்ற 6 கிலோவாட். வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றும் கருவி இதில் பாதிக்கு மேல் மீட்டுத் தரும். 50 பேரின் உடல்சூடே 3.5 கிலோவாட் வரும். மிச்சத்துக்கு, வெளிக்காற்றின் சூட்டை உள்ளே இழுத்துத் தரும் சிறிய ஹீட் பம்ப் போதும்; ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் சூடு தரும். பழைய சன்னலைப் பிடுங்க வேண்டாம், உட்புறம் இரண்டாவது கண்ணாடி வைத்தால் இழப்பு ஏறக்குறையப் பாதியாகும்.

கருங்கல் சுவரில் பின்னாளில் யாரோ பூசிய சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த கலவையில் இணைப்புகளை அடைக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி மெல்ல இறுகும். இறுகும் முன் உறைபனி பட்டால் உதிரும், மழை பட்டால் கரையும். உதகைப் பக்கம் டிசம்பர், ஜனவரி பனிக்கும் ஜூன் மழைக்கும் நடுவே பிப்ரவரி பாதி முதல் மே வரைதான் கொத்தனாருக்குக் காலம். குன்னூர், கோத்தகிரியில் வடகிழக்கு மழை வலுவானது. அக்டோபருக்கு முன் வெளிவேலை முடிந்திருக்க வேண்டும்.

குடியேறிய முதல் வருஷம், சட்ட முனைகளில் பத்துப் பன்னிரண்டை அடையாளமிட்டு மாதமொருமுறை ஈரமானி வைத்துப் பாருங்கள். நவம்பரில் ஏதாவது ஒன்று 20 சதவீதத்தைத் தாண்டினால், சுவரைக் குடையும் முன் அதற்கு நேர் மேலே உள்ள மழைநீர்க் கால்வாயில் சருகு அடைத்திருக்கிறதா என்று ஏணி வைத்து ஏறிப் பாருங்கள்.