ஒத்துக்கொள்வதா, வழக்காடுவதா? லாக்கப் வாசலில் முடிவெடுக்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வழக்கறிஞரான என் அலுவலகம் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் அம்மாக்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பையனின் பிறப்புப் பத்திரம், ஐசி (அடையாள அட்டை) நகல், பழைய பள்ளிச் சான்றிதழ்கூட இருக்கும். உட்கார்ந்ததும் கேட்பார்கள்: "ஒத்துக்கிட்டா கொறைச்சிடுவாங்களாமே, லாயரம்மா?"

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கைதான வாரத்தில் அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஏன் என்பதற்கு ஒரு பையனின் வழக்கைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

செம்பனைத் தோட்டத்துப் பையன், வயது 23. ஓட்டி வந்த மோட்டாரின் சீட்டுக்கு அடியில் ஷாபு, அதாவது மெத்தம்பெத்தமின் என்ற போதைப்பொருள். குற்றச்சாட்டு, 1952ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தின் 39பி, அதாவது கடத்தல். 2023 ஜூலை முதல் கட்டாய மரண தண்டனை இல்லை என்றாலும், இந்தப் பிரிவில் நிரூபணமானால் தூக்கு, இல்லாவிட்டால் ஆயுளும் குறைந்தது 12 பிரம்படியும். ஜாமீன் கிடையாது. முதலில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள். 39பியை விசாரிக்க அவருக்கு அதிகாரம் இல்லாததால் அங்கே ஒப்புதல் பதிவாகாது. வழக்கு உயர்நீதிமன்றம் போகும். ஆகவே, லாக்கப்பில் பக்கத்தில் இருந்தவன் சொன்னதைக் கேட்டு அவசரப்பட ஒன்றுமே இல்லை.

நான் காத்திருந்தது இரசாயனத் துறையின் அறிக்கைக்கு. பையோடு சேர்த்துப் போலீஸ் எடை போட்டபோது 70 கிராமுக்குப் பக்கம். அறிக்கையில் தூய மெத்தம்பெத்தமின் 41 கிராம்தான். 50 கிராமோ அதற்கு மேலோ இருந்தால்தான் கடத்தினான் என்று சட்டமே அனுமானிக்கும். அதற்குக் கீழே என்றால் கடத்தலை அரசுத் தரப்புதான் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். வழக்கின் கனம் அந்த ஒரு தாளில் மாறிவிட்டது. உடனே டிபிபிக்கு, அதாவது அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு, ரெப்ரசென்டேஷன் (கோரிக்கை) கடிதம் எழுதினேன்: குற்றச்சாட்டை 39ஏ(2)க்கு, அதாவது வைத்திருந்த குற்றத்துக்குக் குறையுங்கள் என்று. இதில் குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள், கூடவே குறைந்தது 10 பிரம்படி. இதுவும் சின்னத் தண்டனை இல்லை.

டிபிபியின் சம்மதம் வந்தது. வீட்டில் சண்டையும் வந்தது. மாமா "முடிச்சிடுவோம்" என்றார். அம்மா, "என் புள்ள அப்படிப்பட்டவன் இல்ல, கேஸ் நடத்துங்க" என்றார். இரண்டு பேரையும் விட்டுவிட்டு நான் தைப்பிங் சிறைக்குப் போய் அவனைத் தனியாகப் பார்த்தேன். ரொம்ப நேரம் மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்: "உள்ள என்ன இருக்குன்னு தெரியும் லாயர். எவ்ளோன்னுதான் தெரியாது."

இந்தப் பேச்சு நடக்காமல் எந்த முடிவும் எடுக்கக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அம்மா முன்னால் எந்தப் பையனும் உண்மை பேசமாட்டான். தண்டனையை அனுபவிக்கப்போவது அவன், முடிவும் அவனுடையது.

இன்னொருவன் கதை வேறு. நாலு பேர் தங்கிய வாடகை வீடு, பூட்டில்லாத அலமாரி. போலீஸ் வந்தபோது கதவைத் திறந்தவன் இவன். அவனுக்கும் 39ஏ(2) தர முன்வந்தார்கள். தோற்றால் ஆயுள், தூக்குகூட வரலாம் என்று ஒளிக்காமல் சொன்னேன். "செய்யாதத எப்படி ஒத்துக்கிறது?" என்றான். அலமாரி அவன் கட்டுப்பாட்டில் மட்டும் இருந்தது என்று அரசுத் தரப்பால் காட்ட முடியவில்லை. எதிர்வாதத்துக்கு அழைக்காமலே நீதிபதி விடுதலை செய்தார். அதற்குள் ரிமாண்டில் இரண்டரை வருடம் போய்விட்டது. அந்த வருடங்களை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. வழக்காட நினைக்கிறவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளும் நாளில் குற்றச்சாட்டையும் வழக்கின் விவரங்களையும் வாசிப்பார்கள். மலாய் சரியாகப் புரியாவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், வெட்கமே வேண்டாம். "ஆமா, ஆனா அது எனக்குத் தெரியாது" என்று சொன்னால் அது ஒப்புதலே ஆகாது. வழக்கு விசாரணைக்குப் போகும். முழுதாக ஒப்புக்கொண்டு தீர்ப்பும் வந்துவிட்டால், அப்பீலில் தண்டனையின் அளவையும் சட்டப்படி அது சரியா என்பதையும் மட்டும்தான் கேட்கலாம். "நான் செய்யல" என்று பிறகு சொல்ல வழி இல்லை.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2012 ஜூனில் அமலுக்கு வந்த 172சி பிரிவைப் பற்றியும் கேட்கிறார்கள். விசாரணை தொடங்கும் முன் குற்றஞ்சாட்டப்பட்டவரே மனுச் செய்து அரசுத் தரப்போடு பேசி முடிக்கும் முறை. அவர் சுயவிருப்பத்தோடுதான் வந்தாரா என்று நீதிபதி மூடிய அறையில் விசாரிப்பார். தண்டனையைப் பற்றி உடன்பாடு என்றால் அதிகபட்சத்தில் பாதிக்கு மேல் போகாது. ஆனால் சட்டம் வைத்த குறைந்தபட்சத்துக்குக் கீழேயும் இறங்காது. பாலியல் குற்றங்களுக்கும் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எதிரான குற்றங்களுக்கும் அந்தப் பாதிக் கணக்கு இல்லை.

"உள்ளே ஆள் இருக்கு, பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்) குடுத்தா முடிஞ்சிடும்" என்று யாராவது வந்தால் தயவுசெய்து நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். அப்படிக் கொடுத்துவிட்டு என் முன் அழுத அம்மாக்கள் உண்டு. மரண தண்டனை வரக்கூடிய வழக்கில் லாயர் வைக்க வசதி இல்லாவிட்டால் உயர்நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும்.

அந்த 23 வயதுப் பையன் 39ஏ(2)ஐ ஒப்புக்கொண்டான். கைதான நாளிலிருந்து 8 ஆண்டு, 10 பிரம்படி. ஈப்போ நீதிமன்றப் படிக்கட்டில் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எத்தன தீபாவளி?" என்று கேட்டார். நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும், ஏற்கெனவே பதினாலு மாதம் ஆகிவிட்டது, இன்னும் நாலு வருடமும் கொஞ்சமும் என்றேன். விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார். "நாலு," என்றார். பிறகு, தைப்பிங்குக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.