மருந்து எடுக்கும்போது சிஸ்டரைக் கூப்பிடாதீர்கள்

வார்டில் காலை மருந்து ரவுண்டு ஆரம்பிக்கும் நேரம் பார்த்துத்தான் எல்லோருக்கும் சிஸ்டரிடம் கேட்க ஏதாவது இருக்கும். டிரிப் முடியப்போகிறது, ஸ்கேனுக்கு எத்தனை மணிக்குக் கூட்டிப்போவீர்கள், டிஸ்சார்ஜ் பில் ரெடியா, லேபிலிருந்து போன், இதற்கு நடுவில் ட்யூட்டி டாக்டரின் "ஒரு நிமிஷம் வாங்க சிஸ்டர்". கேட்கிறவருக்கு அது ஒரே ஒரு கேள்வி. பதில் சொல்கிறவருக்கு அன்று அது எத்தனையாவது என்றே தெரியாது.

இதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்களுக்கு நான் இன்சுலினைத்தான் காட்டுவேன். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலினில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளதும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அரை மில்லி வரும். அதில் தவறிப்போய் 100 யூனிட் குப்பியிலிருந்து இழுத்துவிட்டால் உள்ளே போவது 20 இல்லை, 50 யூனிட். சர்க்கரை சரசரவென்று இறங்கி நோயாளி நினைவிழக்க அது போதும். குப்பி, சிரிஞ்சு, கேஸ் ஷீட் மூன்றையும் ஒத்துப்பார்க்க அரை நிமிடம் ஆகுமா? அந்த அரை நிமிடத்தில்தான் பின்னாலிருந்து "சிஸ்டர்..." என்று குரல் வரும்.

சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் 98 நர்ஸ்கள் மருந்து கொடுப்பதைக் கூடவே இருந்து கவனித்து 2010ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தடவை மருந்து கொடுத்ததில் பாதிக்கு மேல் யாராவது குறுக்கிட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருந்துப் பிழை சுமார் 12 சதவீதம் கூடியிருக்கிறது. "எனக்கு இருபது வருஷ சர்வீஸ், எவ்வளவு பேர் கூப்பிட்டாலும் சமாளிப்பேன்" என்று சொல்லும் சீனியர்கள் கவனிக்க வேண்டியது, அந்த ஆய்வில் அனுபவம் யாரையும் பிழையிலிருந்து காப்பாற்றவில்லை.

விமானத் துறை இதைக் கசப்பாகக் கற்றுக்கொண்டது. 1974ல் அமெரிக்காவின் சார்லட் நகரில் தரையிறங்கும் நேரத்தில் விமானிகள் அரசியல், பழைய கார் என்று அரட்டையில் இருந்த ஒரு விமானம் விழுந்து 72 பேர் இறந்தார்கள். இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகு 1981ல் அங்கே விதியே வந்தது: பத்தாயிரம் அடிக்குக் கீழே காக்பிட்டில் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு கூடாது. கவனமாக இருங்கள் என்று அறிவுரை சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை, பேச்சையே நிறுத்தினார்கள். நம் மீட்டிங்குகளில் மட்டும் இன்னும் "கான்சன்ட்ரேஷன் வேணும்மா" தான். சொல்லிவிட்டு அதே மேலதிகாரி வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் "உடனே ரிப்ளை பண்ணவும்" என்று போடுவார்!

"தொந்தரவு செய்யாதீர்கள்" என்று எழுதிய மேலங்கியைப் போட்டுப் பார்த்தார்கள், சிட்னியிலேயே. குறுக்கீடு குறைந்தது, ஆனால் புழுக்கம், சிரமம் என்று நர்ஸ்களில் பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அது ஆச்சரியமில்லை. நம் மே மாத வெயிலில் யூனிஃபார்முக்கு மேல் இன்னொன்றா?

சாதாரண ஏற்பாடுகளே போதும் என்பது என் கட்சி. மருந்து எடுக்கும் மேஜையைச் சுற்றித் தரையில் சிவப்பு டேப். ரவுண்டு முடியும்வரை போனை இன்னொரு சிஸ்டர் எடுப்பார், சொந்த போன் லாக்கரில். யாராவது கூப்பிட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "இதை முடிச்சுட்டு வரேன்" என்று சொல்லலாம், அது திமிர் இல்லை. அப்படியும் நடுவில் போக வேண்டி வந்துவிட்டால், திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடராமல் குப்பியைப் பார்ப்பதிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். பெயர் ஒட்டாத சிரிஞ்சை டிரேயில் வைத்துவிட்டுப் போனால், வந்து பார்க்கும்போது அது யாருடையது என்று சத்தியமாகச் சொல்ல முடியாது. கொட்டிவிடுங்கள்.

அப்புறம் நோயாளிக்குத் துணையாக இருக்கும் அட்டெண்டர்களுக்கு. பில் விவரத்தை பில்லிங் கவுண்டரில் கேளுங்கள், ஸ்கேன் நேரத்தை ரவுண்டு முடிந்து கேட்டாலும் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வலிப்பு, மருந்து ஏறியதும் உடம்பெல்லாம் தடிப்பு என்றால் சிவப்பு டேப்பையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், சத்தம் போட்டே கூப்பிடுங்கள். இன்னொன்று, ஊசி போட வரும்போது நோயாளியின் பெயரைக் கேட்டால் "நேத்தே சொன்னோமே" என்று சலித்துக்கொள்ளாமல் இன்னொரு தடவை சொல்லிவிடுங்கள்.