வாராந்தச் சுட்டெண்ணும் வயல் காசும்

வெள்ளிக்கிழமை பின்னேரம் கொழும்புப் பங்குச் சந்தை மூடிய கையோடு, "இந்தக் கிழமை சுட்டெண் இத்தனை புள்ளி ஏறிவிட்டது" என்ற செய்தி கைபேசிகளில் சுற்றத் தொடங்கிவிடும். திங்கட்கிழமை கிளிநொச்சியில் என்னிடம் கணக்குப் பார்க்க வருபவர்களில் ஒருவராவது அதைக் காட்டி, "இப்ப போடலாமோ?" என்று பங்கு வாங்குவதைப் பற்றிக் கேட்பார். பெரும்பாலும் காலபோக (பெரும்போக) நெல்லை விற்ற கமக்காரர், அல்லது வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய காசை வைத்திருக்கும் அம்மா.

அந்தச் சுட்டெண், அதாவது அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், சந்தையிலுள்ள பங்குகளின் விலைப் போக்கை ஒரே எண்ணில் காட்டுவது; 1985ஐ 100 ஆக வைத்துக் கணக்கிடப்படுவது. பெரிய நிறுவனத்துக்கு அதில் பாரம் அதிகம். நாலைந்து பெரிய வங்கிகளும் குழுமங்களும் ஏறினாலே சுட்டெண் ஏறிவிடும். உங்கள் பங்கு அதே கிழமை இறங்கியிருக்கலாம். செலவையும் பாருங்கள். சாதாரண ஆட்கள் செய்யும் கொடுக்கல் வாங்கலுக்குத் தரகு, வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1.12 வீதம் போகும். வாங்கும்போது ஒருதரம், விற்கும்போது இன்னொருதரம். 1 இலட்சத்துக்கு வாங்கி விற்றால் 2,240 ரூபா போல. 1 வீதம் ஏறியதைக் கண்டு வாங்கி அடுத்த கிழமை விற்பவர் தரகருக்குத்தான் உழைக்கிறார்.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "இந்தக் காசு உங்களுக்குத் திரும்ப எப்ப வேணும்?"

காலபோக நெல் மாசி, பங்குனியில் காசாகும். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் கிடந்தால் சித்திரையில் சிறுபோக (இரண்டாம் போக) உழவு. இல்லையென்றால் புரட்டாதியில் அடுத்த காலபோகச் செலவு தொடங்கிவிடும். ஆறேழு மாதக் காசு அது. 2022 சித்திரையை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. புத்தாண்டு முடிந்ததும் 18 முதல் 22 வரை பங்குச் சந்தையே பூட்டு. 25இல் திறந்த அன்றே விலைகள் சரிந்து வியாபாரம் நிறுத்தப்பட்டது. உரமும் டீசலும் தேடி நாங்கள் அலைந்த நாட்கள் அவை. அப்போது பங்கை விற்றுத்தான் விதைக்க வேண்டும் என்றிருந்தவருக்கு, 2025இல் சுட்டெண் 20,000ஐத் தாண்டியதில் என்ன லாபம்?

பொருளாதாரம் எந்தப் பக்கம் போகிறது என்று அறிய வேண்டுமானால், புள்ளிக் கணக்கை விட்டுவிட்டு மத்திய வங்கியின் வட்டி அறிவிப்பைப் படியுங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொடும் அளவுக்குப் போனது. நிலையான வைப்புக்கு நல்ல வட்டி கிடைத்தும் காசின் பெறுமதி தேய்ந்தது (வங்கியில் போட்டால் நட்டமே வராது என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்). 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவி அங்கீகரிக்கப்பட்டது, விலைவாசி அடங்கியது, வட்டியும் இறங்கி, 2025 மே மாதம் கொள்கை வட்டி வீதம் (மற்ற வங்கிகளின் வட்டிக்கு வழிகாட்டியாக மத்திய வங்கி வைப்பது) 7.75 ஆனது. வைப்பில் வருமானம் குறைந்ததும் காசு பங்குகளின் பக்கம் திரும்பியது. சந்தை ஏறியதற்குப் பெரிய காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. வட்டி திரும்ப ஏறினால் அந்தக் காசும் வந்த வழியே போகும்.

ஐந்தாறு வருடம் தொடத் தேவையில்லாத காசு இருப்பவர் தாராளமாக வாங்கலாம். உங்கள் சொந்தப் பெயரில் சிடிஎஸ் கணக்கு (வாங்கும் பங்குகள் பதிவாகும் கணக்கு), உரிமம் பெற்ற தரகர், இரண்டும் கட்டாயம். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தன் வங்கி இலக்கத்தைத் தந்து "கிழமைக்கு இத்தனை வீதம்" என்றால், அது பங்கு வியாபாரமே அல்ல. வங்கி வைப்புக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் வரை காப்புறுதி உண்டு. பங்குக்கும் இல்லை, இந்தக் குழுக்களுக்கும் இல்லை.

இன்னொன்று. பங்கு வாங்க வருபவரிடம் அடகுச் சீட்டு ஏதும் இருக்கிறதா என்று கேட்பேன். அநேகம் பேரிடம் இருக்கும். அந்த நகையை மீட்டு வட்டியை நிறுத்திவிட்டு, மிச்சக் காசோடு வரச் சொல்லி அனுப்புவேன்.