இரண்டு பக்கமும் சிவப்பு வெளிச்சமா? சத்தம் வராது

கீழக்கரையில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். விடுமுறை வந்தால் கேம் ஆடும் பையன்களின் கூட்டம்தான். போன மாதம் வந்த தம்பியிடம் வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த 7.1 ஹெட்போன் இருந்தது, சுற்றிலுமிருந்து கேட்பது மாதிரிச் சத்தம் தரும் சரவுண்ட் வகை. யூஎஸ்பியில் செருகுவது. வீட்டில் பழைய பிளேஸ்டேஷன் 4.

"காக்கா, இதோட சாஃப்ட்வேர் கம்ப்யூட்டர்லதான் ஓடும். அதான் கேம் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள்ள விட்டுக் கேக்கலாம்னு ஆப்டிகல் கேபிள் வாங்குனேன். ஒண்ணுமே கேக்கல."

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஆப்டிகல் கேபிள் சத்தத்தை வெளிச்சமாகக் கொண்டுபோகும். அதைப் பிடுங்கினால் பிளேஸ்டேஷன் துளையில் சிவப்பு வெளிச்சம், கம்ப்யூட்டர் துளையிலும் சிவப்பு வெளிச்சம். வெளிச்சம் தெரிகிற துளை சத்தத்தை அனுப்புகிற துளை. இரண்டு பேரும் பேசுகிறார்கள், கேட்பதற்கு ஆளில்லை. கம்ப்யூட்டரின் மதர்போர்டோடு வரும் ஆப்டிகல் துளைகள் பெரும்பாலும் இப்படி அனுப்ப மட்டும்தான். வாங்கும் முன் எட்டிப் பார்த்திருந்தால் கேபிள் காசு மிச்சம்.

சரி, ஆப்டிகலை உள்வாங்கும் சவுண்ட் கார்டு போட்டால்? சுருக்காத டிஜிட்டல் ஒலி (பிசிஎம்) அந்தக் கேபிளில் இடது, வலது என்று இரண்டு சேனல்தான் போகும். 5.1 என்கிற ஆறு சேனல் வேண்டுமானால் டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ சுருக்கி அனுப்ப வேண்டும். அதைப் பிரிக்கும் டிகோடர் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் வெறும் இரைச்சல்தான் வரும். பிளேஸ்டேஷன் 4 ஸ்லிம், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், எஸ் ஆகியவற்றில் ஆப்டிகல் துளையே கிடையாது.

அடுத்து எல்லோரும் போவது கம்ப்யூட்டரில் வெளிச் சத்தத்தை உள்வாங்கும் நீல நிற லைன் இன் துளைக்கு. டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர் இழுத்து, விண்டோஸில் ரெக்கார்டிங் பகுதியில் லைன் இன்னைத் திறந்து, 'லிசன் டு திஸ் டிவைஸ்' டிக் செய்தால் சத்தம் வந்துவிடும். ஆனால் வருவது இரண்டே சேனல் உள்ள ஸ்டீரியோ, அதுவும் கொஞ்சம் தாமதமாக. திரையில் சுட்டு முடித்த பிறகு காதில் வெடிக்கும். லேப்டாப்பில் இதுவும் சிரமம். ஒற்றைத் துளைதான் இருக்கும், அது மைக்குக்காக வைத்தது.

அப்புறம் ஹெட்போனில் 7.1 பட்டனை அழுத்துகிறார்கள். அது ஏன் உதவாது என்று சொல்கிறேன். கடற்கரையில் கண்ணை மூடி நின்றாலும் வல்லம் (படகு) கடலில் இருக்கும் அப்பாத் தீவுப் பக்கமிருந்து வருகிறதா, முதுகுப் பக்கம் ரோட்டில் டிராக்டர் போகிறதா என்று சொல்லிவிடலாம். ஒரு காதுக்குச் சத்தம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் முந்துகிறது. காது மடலும் முன்சத்தத்தையும் பின்சத்தத்தையும் வேறு வேறாக மாற்றி உள்ளே விடுகிறது. அந்த வித்தியாசத்தைச் செயற்கையாகப் போடுவதுதான் சரவுண்ட் சாஃப்ட்வேரின் வேலை. எது பின்னால் இருக்கிறது என்ற தகவல் அதற்குத் தெரிய வேண்டும். ஸ்டீரியோவாகக் கலந்த பிறகு அந்தத் தகவல் ஏது? கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி எதிரொலிதான் கூடும். கேம் பாக்ஸே ஒருமுறை இந்த வேலையைச் செய்து அனுப்பியிருந்தால், மேலே இன்னொருமுறை செய்வது இன்னும் மோசம்.

அதனால் அந்தத் தம்பிக்குக் கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டேன். ஹெட்போனை நேராகப் பிளேஸ்டேஷனில் குத்தி, 'அவுட்புட் டு ஹெட்போன்ஸ்' இடத்தில் 'ஆல் ஆடியோ' வைத்தேன். கேமின் ஆடியோ மெனுவில் 'ஹெட்போன்ஸ்' இருந்தது, அதைத் தேர்ந்தெடுத்தேன். பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்களுக்கு 3டி ஆடியோ உள்ளேயே இருக்கிறது. சாதாரண ஹெட்போனைக் கண்ட்ரோலரில் செருகினாலே போதும். எக்ஸ்பாக்ஸில் 'விண்டோஸ் சோனிக்' இலவசம்.

இதைவிட என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. சிபியூ கேபினட்டைத் தொட்டதும் சுர்ரென்றது. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்து எடுத்திருந்தார்கள். "லைன் இன்ல உம்முன்னு சத்தம் வந்துச்சு, யூடியூப்ல பாத்து உடைச்சேன்" என்றான். எர்த் இல்லாவிட்டால் பவர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகக் கேபினட்டில் கரன்ட் கசிந்து நிற்கும். அப்போது வருவது சுர்ரென்ற கசிவுதான். உள்ளே இன்சுலேஷன் போனால் முழு 230 வோல்ட்டும் கேபினட்டுக்கு வரும். யூஎஸ்பி ஹெட்போனின் கிரவுண்டும் அதே கேபினட்டோடுதான் சேர்ந்திருக்கிறது. உம் சத்தத்துக்குக் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி கிடைக்கும், அதை லைன் இன் வயரின் நடுவில் போடுங்கள்.

பிளக்கை மாற்றிவிட்டு எர்த் குழியையும் பார்த்தேன். நம் பக்கம் மேல்மணல் காய்ந்து கிடக்கும், உப்பு வேறு கம்பியை அரிக்கும். அவர்கள் வீட்டில் கம்பி கிளாம்போடு துருப்பிடித்து அறுந்தே கிடந்தது. எலக்ட்ரீஷியன் வந்து புதுசு போடும்வரை கம்ப்யூட்டரைப் போடாதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.