சத்தத்தைக் குடிக்கும் நார்

காரில் ஒரே பூஞ்சண வாடை. சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் உள்ள கார் பட்டறையில் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு தடித்த மெத்தை. விரலால் பிய்த்தால் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நூல் நூலாக வந்தது. பழைய பருத்தித் துணிகளைக் கிழித்து நாராக்கி அழுத்தியது. “இதுதாண்ணே சத்தத்தைக் குடிக்குது” என்றார் மெக்கானிக்.

சரியான சொல். ஒலி என்பது காற்று முன்னும் பின்னும் அசைவது. நார்களுக்கிடையே உள்ள சந்துகளில் அந்தக் காற்று புகுந்து வரும்போது நாரோடு உரசுகிறது. உரச உரச, ஒலியின் ஆற்றல் துளித்துளியாக வெப்பமாகிக் கரைகிறது. நார் மெல்லியதாக இருந்தால் உரசும் பரப்பு கூடும். ஆனால் மிகவும் இறுக்கி அழுத்திவிட்டால் ஒலி உள்ளே போகாமல் பட்டுத் திரும்பிவிடும்.

தடிமனுக்கும் கணக்கு உண்டு. மெத்தைக்குப் பின்னாலிருக்கும் காரின் தகரத்திலிருந்து ஒலியலையின் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு தள்ளித்தான் காற்றின் அசைவு உச்சத்தில் இருக்கும்; நார் அதுவரை எட்டினால்தான் உரசல் நன்றாக நடக்கும். 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது சுமார் 8.5 செ.மீ.; 100 ஹெர்ட்ஸுக்கு 85 செ.மீ. காரில் அவ்வளவு இடம் ஏது? அதனால்தான் விரைவுச்சாலையில் காற்றின் உயர்ந்த சுருதிச் சீறலை நார் நன்றாகக் குறைக்கும், சக்கரத்தின் தாழ்ந்த சுருதி உறுமலிடம் தோற்றுவிடும். அதற்குத் தகரத்தின் அதிர்வை அடக்கும் கனமான தார்த்தகடு வேண்டும்.

வெப்பத்தைத் தடுப்பதும் காற்றுதான். அசையாத காற்றைவிட எஃகு ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். நாரின் வேலை அந்தக் காற்றை அசையவிடாமல் பிடித்து வைப்பது. ஆனால் கண்ணாடி வழியாக இறங்கும் வெயிலுக்கு நார் எதுவும் செய்யாது.

இயற்கை நார்களில் எனக்குப் பிடித்தது இலவம் பஞ்சு. ஒவ்வொரு இழையும் மெல்லிய சுவருள்ள வெற்றுக்குழாய்; உள்ளே காற்று, மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீர் ஒட்டாது என்பதால் ஒரு காலத்தில் உயிர்காப்பு மிதவை அங்கிகளில் அடைத்தார்கள். இழை குட்டை, வழுக்கும். அதனால் வேறு நாரோடு கலந்தால்தான் நிற்கும்.

சணலும் பருத்தியும் அப்படியல்ல, ஈரத்தை இழுக்கும். சந்துகளில் காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்தால், அது காற்றைப்போல 20 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். அப்புறம் பூஞ்சணம் வேறு. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் இயற்கை நாருக்கு உண்மையான சோதனை இதுதான்.

என் காரில் ஏர்கான் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்து, முன் இருக்கையின் காலடியில் கசிந்திருந்தது. மெத்தையை இரண்டு நாள் வெயிலில் போட்டும் அந்த மூலையில் வாடை போகவில்லை. அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, குழாயைச் சுத்தம் செய்தோம்.