பெரிய எஞ்சின் வாங்க முதல் பிளேனைத் தராசில வையுங்க

ஆர்சி பிளேன், அதுதான் ரிமோட்டில பறக்க விடுற சின்னப் பிளேன், பழகத் தொடங்குற பொடியன்மார் என்னட்ட முதல் கேக்குறது "அண்ணே, இதுக்கு ஆகக்கூட எவ்வளவு பெரிய எஞ்சின் பூட்டலாம்?" எண்டுதான். நான் திருப்பிக் கேக்குறது ஒண்டே ஒண்டு, தம்பி பிளேன் எவ்வளவு நிறை? முக்காவாசிப் பேர் நிறுத்தே பாத்திருக்க மாட்டாங்க. நான் திருகோணமலையில அவுட்போர்ட் மோட்டர், புல்லு வெட்டுற மெஷின் எண்டு சின்ன எஞ்சின் வேலை செய்யிறவன், அதோட ஆர்சி எஞ்சினும் திருத்தக் கொண்டு வருவாங்க, அப்பிடி உடைஞ்சு வாற பிளேன்களில எஞ்சின் பவர் காணாம விழுந்ததை விட எஞ்சின் சைஸ் கூடிப்போய் விழுந்ததுதான் கனக்க. அதுக்காகத்தான் இதை எழுதுறன்.

முதல்ல நம்பர். குளோ எஞ்சினில, அதுதான் மெத்தனோல் எரிபொருளில ஓடுற சின்ன எஞ்சினில, 40, 46, 61 எண்டு போட்டிருக்கிறது சிசி இல்ல, கன அங்குலத்தில நூறில ஒரு பங்கு. ஒரு கன அங்குலம் 16.4 சிசி, அப்ப 40 எண்டா 6.5 சிசி, 46 எண்டா 7.5 சிசி, 61 எண்டா 10 சிசி. 46 சிசி எண்டு நினைச்சுக்கொண்டு ஆன்லைனில ஓடர் போடப்போற ஆக்கள் இருக்கினம், பெட்ரோல் எஞ்சினுக்கு மட்டும் நேரடியா சிசியிலயே போடுறதால வாற குழப்பம் அது.

டூ ஸ்ட்ரோக் குளோவுக்குப் பொதுவா பாக்கிற கணக்கு என்னெண்டா, செட்டை நீளம் ஒண்டரை மீட்டர் சொச்சம், எல்லாம் பூட்டி முடிய நிறை 2.3ல இருந்து 2.8 கிலோ வாற ட்ரெயினர் பிளேனுக்கு, அதுதான் பழகுற பிளேனுக்கு, 40 அல்லது 46. ஒரு மீட்டர் அளவில ஒரு கிலோ சொச்சம் எண்டா 15, ஒண்டரைக் கிலோ எண்டா 25, மூண்டு மூண்டரைக் கிலோவுக்கு மேல போனாத்தான் 61 பக்கம் யோசிக்கோணும். பிளேன் கிட் பெட்டியிலயும் ரெண்டு எஞ்சின் நம்பர் போட்டிருக்கும், அதில சின்னது பெரியது ரெண்டுமே சரி, அதைத் தாண்டினதுதான் பிழை. 40க்கும் 46க்கும் இடையில யோசிக்கத் தேவையில்ல, கன கொம்பனிகள் ரெண்டையும் ஒரே கூட்டிலதான் செய்திருக்கினம், நிறை பெருசா மாறாது, 46 எடுங்க. ஃபோர் ஸ்ட்ரோக் ஆசைப்படுற ஆக்கள் அதே பிளேனுக்கு 60, 70 அளவில எடுக்கோணும், ஏனெண்டா அது ஒரு தரம் நெருப்புப் பிடிக்க ரெண்டு சுத்து சுத்தோணும்.

இனி 46 போட வேண்டிய இடத்தில 61 போட்டா என்ன நடக்கும் எண்டு பாப்பம். சைலன்சரோட 46 அரைக்கிலோ வரும், 61 எழுநூறு கிராமுக்குக் கிட்ட வரும். இந்த 200 கிராம் வாறது மூக்கில, பிளேன் மூக்குக் குத்தும், சென்டர் ஒஃப் கிராவிட்டியை, அதுதான் பிளேன் சமநிலையில நிக்கிற புள்ளியை, திருப்பிக் கொண்டுவர வாலில ஈயம் வைக்கோணும், அதுவும் ஒரு 70, 80 கிராம். இப்ப 2.5 கிலோ பிளேன் 2.8 கிலோ. செட்டை அதே செட்டைதான், ஆகவே ஸ்டோல் ஆகிற, அதுதான் செட்டை தூக்காம பிளேன் விழுற வேகம் 5, 6 வீதம் கூடும், பழகுற பிள்ளைக்கு லேண்டிங்கில அந்த 5 வீதம் பெரிய விஷயம். சின்ன வள்ளத்துக்கு 40 குதிரை எஞ்சின் பூட்டினா பின்பக்கம் தாழுமா இல்லையா, அதே கதைதான், இங்க தாழுறது முன்பக்கம்.

"அரைத் துரொட்டிலில பறப்பன் அண்ணே" எண்டு சொல்லுவாங்க. துரொட்டிலைக் குறைக்கலாம், நிறையைக் குறைக்க ஏலாது. அதோட பெரிய எஞ்சினுக்குப் பெரிய புரொப்பெலர், அது ஐடிலில நிண்டாலும் இழுத்துக்கொண்டே இருக்கும், பிளேன் இறங்காம மிதந்து மிதந்து கிரவுண்டைத் தாண்டிப் போகும். பதட்டத்தில முழுத் துரொட்டில் குடுத்தா அந்த ஃபிரேமுக்குக் கணக்குப் போடாத வேகம் வரும், எய்லரோன், அதுதான் செட்டையின்ர பின்விளிம்பில அசையிற மடல், அதின்ர பிணைச்சல் கொஞ்சம் லூஸ் எண்டாக் காணும், படபடவெண்டு அடிச்சு ஃப்ளட்டர் ஆகி செட்டையே பிய்ஞ்சிடும். பிளேனைத் திரும்பச் செய்யலாம். ஆனா 2.5 கிலோ சாமான் மணிக்கு 60 கிலோமீட்டரில வந்து ஒராளில படுறதுக்கும் 100ல வந்து படுறதுக்கும் அடியின்ர சக்தி கிட்டத்தட்ட மூண்டு மடங்கு வித்தியாசம், முன்னால 10,000 ஆர்பிஎம்மில புரொப்பெலரும் சுத்துது. உப்புவெளி, நிலாவெளி கடற்கரையில சனம் நிக்கிற நேரம் பறக்க விடுறதை நான் கண்டிப்பா வேண்டாம் எண்டு சொல்லுறன்.

பவர் காணாது எண்டு வாற பிளேன்களில பாதிக்கு மேல எஞ்சினில சைஸ் பிரச்சினையே இல்ல. குளோ பிளக் பழசு, எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கிற நீடில் சரியா வைக்கேல்ல, அல்லது எரிபொருளில தண்ணி ஏறியிருக்கு. குளோ எரிபொருளில பெரும்பங்கு மெத்தனோல், அது காத்தில இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், எங்கட கடற்கரைக் காத்தில போத்தில் மூடி வடிவா இறுக்காம விட்டா கொஞ்ச நாளில பழுதாப்போகும். புது எஞ்சினை ரன்னிங் இன் செய்யாம நேர ஃபுல்லா விட்டுக் கெடுத்ததும் உண்டு. புதுசை முதல் சில டாங்க் ரிச்சா, அதுதான் எரிபொருள் கூட விட்டு, புகை வாற மாதிரி ஓட விடுங்க.

அதுக்குப் பிறகு புரொப்பெலரைப் பாருங்க, இதை ஆக்கள் கவனிக்கிறதே இல்ல. 11க்கு 6 எண்டா விட்டம் 11 அங்குலம், ஒரு சுத்துக்கு கணக்குப்படி 6 அங்குலம் முன்னுக்குப் போகும். 11,000 ஆர்பிஎம்மில கணக்குப் போட்டா மணிக்கு 100 கிலோமீட்டர் வருது. அதே 46 எஞ்சினுக்கு 12க்கு 4 போட்டா அதே சுத்தில 67தான், ஆனா இழுவை நல்லாக் கிடைக்கும், ஏத்தம் ஏறும், இறங்கேக்க பிரேக் பிடிச்ச மாதிரி மெதுவா வரும். எஞ்சின் மாத்துற காசில பத்தில ஒரு பங்குகூட வராது இது. தரையில தட்டாம இருக்க இடைவெளி இருக்கா எண்டு மட்டும் பாத்துக்கொள்ளுங்க.

காத்துக்குப் பெரிய எஞ்சின் வேணும் எண்டு ஒரு கதை எங்கட ஊரில இருக்கு. கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில எதிர்க்காத்தில பிளேன் நிண்ட இடத்திலயே நிக்கிறது உண்மைதான், வெக்கையும் சேர்ந்தா, 35 பாகையில காத்தின்ர அடர்த்தி 15 பாகையை விட 6 வீதம் குறைவு, எஞ்சினும் குறைய இழுக்கும் செட்டையும் குறையத் தூக்கும். அதுக்கும் சேத்துத்தான் 40க்குப் பதிலா 46 எண்டு சொன்னது. அதுக்கு மேல காத்து எண்டா அண்டைக்குப் பறக்க விடாதீங்க, விடியக் காலமை காத்து எழும்ப முதல் போங்க.

கரண்ட் மோட்டரெண்டா கணக்கு வோட்ஸில. ட்ரெயினருக்கு கிலோவுக்கு 220 வோட்ஸ் அளவு தாராளம், 2.5 கிலோவுக்கு 550, கொஞ்சம் கையிருப்போட 700, 800 வரை வைக்கலாம். மோட்டர் அதே, புரொப்பெலரும் அதே, பற்றரியை மட்டும் 3 செல்லில இருந்து 4 செல்லுக்கு மாத்துறது சரியான ஆபத்து, ஆம்ப்ஸ் எகிறி ஈஎஸ்சி, அதுதான் மோட்டர் வேகத்தைக் கட்டுப்படுத்துற பெட்டி, எரியும். வோட் மீட்டர் ஒண்டு வாங்கி வையுங்க. லைப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரியை வெயிலில நிக்கிற வாகனத்துக்குள்ள விட்டுட்டுப் போகாதீங்க.

எங்க பறக்க விடுறது எண்டதும் எஞ்சின் அளவைத் தீர்மானிக்கும். சீனக்குடா விமானத்தளம், கடற்படைத் தளம் எல்லாம் இருக்கிற ஊர் இது, சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின்ர விதி, பொலிஸ் அனுமதி எல்லாம் விசாரிச்சுத்தான் பறக்க விடோணும். அறுவடை முடிஞ்ச தம்பலகாமம் வயல் மாதிரி இடத்துக்கு 46 சரி, ஊருக்குள்ள ஒரு சின்னக் கிரவுண்டுதான் கிடைக்குமெண்டா பிளேனையே சின்னனா எடுத்து கரண்டில போங்க.

செகண்ட் ஹேண்ட் எஞ்சின் வாங்கிற ஆக்களுக்கு ஒண்டு. சைஸ் சரியா இருந்தாலும் பிளக்கைக் கழட்டிப்போட்டு ஷாஃப்டைக் கையால மெதுவாச் சுத்திப் பாருங்க, கரகரவெண்டு இருந்தா பேரிங் துருப்பிடிச்சிட்டுது, மெத்தனோலும் உப்புக் காத்தும் சேர்ந்து செய்யிற வேலை அது, ஓட்டி முடிய எண்ணெய் விடாம வைச்ச எஞ்சின். பிளக்கைத் திரும்பப் பூட்டிச் சுத்தேக்க பிஸ்டன் மேல வாற இடத்தில இறுக்கம் தெரியோணும். பேரிங் மாத்துற செலவையும் சேத்துப் பாத்திட்டு விலை பேசுங்க.