சிவப்புக் குறி வரவில்லை என்பது சான்றாகாது

சென்ற மாதம் மதுரை விமான நிலையத்தில் இரண்டு இரவுகள் திறந்தவெளியில் நின்றிருந்த ஒரு நான்கு இருக்கைப் பயிற்சி விமானம், மூன்றாம் நாள் காலையில் புறப்படுவதற்காக ஓடுபாதையில் சில நூறு மீட்டர் ஓடியபின் புறப்பாட்டைக் கைவிட்டு நிறுத்துமிடத்துக்கே திரும்பியது. என்னை அழைத்தார்கள். இடது இறக்கையின் அடியில், வேகத்தை அளப்பதற்காக எதிர்க்காற்றை வாங்கும் பிட்டோ குழாயின் வாய் காய்ந்த மண்ணால் முழுவதுமாக அடைபட்டிருந்தது. அது குளவி கட்டிய கூடு. இடது இருக்கையில் இருந்த மாணவரிடம், திரையில் வேகம் காட்டும் பட்டை அசையவே இல்லை என்பதை ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்டேன். "திரையில் சிவப்புப் பெருக்கல் குறி எதுவும் வரவில்லை சார், அதனால் கருவி சரியாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் தாமதமாகக் காட்டும் என்று நினைத்தேன்" என்றார். நல்ல மாணவர்தான், பொய் சொல்லத் தெரியாதவர். புறப்பாட்டை நிறுத்தியவர் பக்கத்தில் இருந்த பயிற்றுநர். இதே பதிலை இந்த ஓராண்டில் வெவ்வேறு மாணவர்களிடமிருந்து மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டேன் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

விமானங்களின் மின்னணுக் கருவிகளைப் பராமரிக்கும் உரிமம் பெற்ற பொறியாளன் நான். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கங்களிலிருந்து நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் பிள்ளைகளை விமானி ஆக்க நினைக்கும் பெற்றோர் என்னிடம் யோசனை கேட்க வரும்போது, "அந்தப் பள்ளியில் கம்ப்யூட்டர் விமானமா ஐயா, பழைய முள் விமானமா?" என்பதுதான் பெரும்பாலும் அவர்களுடைய முதல் கேள்வியாக இருக்கிறது. கம்ப்யூட்டர் விமானம் என்று தெரிந்ததும் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி படர்வதைப் பார்க்கிறேன். அந்த நிம்மதியில் பாதி நியாயமானது; மறுபாதியைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

நியாயமான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் விமானத்தின் சாய்வைக் காட்டிய கருவிக்குள் ஒரு சுழலி இருந்தது. அதை எஞ்சினோடு இணைந்த வெற்றிடப் பம்பு சுழற்றியது. அந்தப் பம்புக்குள் இருக்கும் கரித் தகடுகள் தேய்ந்து, முன்னறிவிப்பு ஏதுமின்றி ஒருநாள் உடைந்துபோகும்; அதன்பின் சுழலி மெல்ல வேகம் இழந்து, சாய்வையும் மெல்ல மெல்லத் தவறாகக் காட்டும். மேகத்துக்குள் பறந்துகொண்டிருந்த எத்தனையோ விமானிகள் அந்த மெல்லிய தவறைப் பின்பற்றியே இறந்திருக்கிறார்கள். 2000-களின் நடுப்பகுதியில் செஸ்னா, டயமண்ட் போன்ற சிறு விமானங்களுக்குள் வந்த கார்மின் ஜி-1000 போன்ற கணினித் திரை அமைப்புகளில் அந்தச் சுழலியின் வேலையை அசையும் உறுப்புகள் இல்லாத உணரிகள் செய்கின்றன. அவை நெடுநாள் உழைக்கின்றன. பழுதானால், பெரும்பாலும் அதைத் தாமே கண்டுபிடித்து அறிவிக்கவும் செய்கின்றன. கருவியை மட்டும் பழைய கருவியோடு ஒப்பிட்டால் புதியதுதான் நம்பகமானது என்று என் கையொப்பமிட்டே சொல்வேன்.

ஆனால் நம்பகமான கருவி விமானத்துக்குள் வந்தவுடன் உயிரைப் பறிக்கும் விபத்து குறைந்துவிட்டதா என்றால், இல்லை. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2002 முதல் 2006 வரை தயாரான 8,000-க்கும் மேற்பட்ட சிறு விமானங்களை ஆராய்ந்து 2010-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரே காலத்தில் தயாரான முள் விமானங்களையும், கணினித் திரை கொண்ட திரை விமானங்களையும் அது ஒப்பிட்டது. உயிரிழப்பு நேர்ந்த விபத்துகள், முள் விமானங்களில் ஒரு லட்சம் பறப்பு மணிக்கு 0.43 என்றும் திரை விமானங்களில் 1.03 என்றும் இருந்தன. திரை விமானங்கள் நெடுந்தூரப் பயணங்களுக்கும் மோசமான வானிலையிலும் கூடுதலாகப் பயன்பட்டன என்பதையும் அந்த அறிக்கை சொல்கிறது; ஆகவே குற்றத்தை முழுவதுமாகத் திரையின் மேல் சுமத்துவது சரியாகாது. ஒவ்வொரு அமைப்புக்கும் தனியாகப் பயிற்சி வேண்டும், அது எப்படிப் பழுதாகும் என்பதை விமானிக்குச் சொல்லித்தர வேண்டும் என்பதே வாரியத்தின் பரிந்துரை. நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

இப்போது அந்தச் சிவப்புக் குறிக்கு வருகிறேன். பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் இதை ஒருமுறை சொன்னால் யாருக்கும் பதிவதில்லை.

திரை எதையும் அளப்பதில்லை. காற்றின் அழுத்தத்தை அளப்பது வேறொரு பெட்டி. சாய்வை அளப்பது இன்னொரு பெட்டி. திசையை உணர்வது இறக்கைக்குள் இருக்கும் மற்றொன்று. இவை அனுப்பும் எண்களைத் திரை வரைந்து காட்டுகிறது, அவ்வளவுதான். ஒரு பெட்டி எண்ணை அனுப்பாமல் நின்றுவிட்டாலோ, தன் உள்சோதனையில் கோளாறு கண்டு "என் எண்ணை நம்பாதே" என்று அறிவித்தாலோ, அந்த இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி வரும். பெட்டி நன்றாக இருந்து, அதற்கு வந்து சேரும் காற்றே தவறாக இருந்தால்? பெட்டிக்கு அது தெரிய வழியில்லை. அடைபட்ட குழாயிலிருந்து வரும் அழுத்தத்தை அது மிகத் துல்லியமாக அளந்து, மிகத் துல்லியமாகக் கணக்கிட்டு, மிகத் தவறான வேகத்தை அனுப்பும்; திரையும் அதை அழகான, நடுக்கமில்லாத எழுத்தில் வரையும். பெரிய ஜெட் விமானங்களில் இத்தகைய கணினிகள் ஒன்றுக்கு மேற்பட்டு இருப்பதால் ஒன்றின் எண்ணை மற்றொன்றோடு ஒப்பிட முடிகிறது. நாம் பேசும் சிறு விமானத்தில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். சிவப்புக் குறி வந்தால் பெட்டி பேச மறுக்கிறது என்று பொருள். குறி வராவிட்டால் பெட்டி பேசுகிறது என்று மட்டுமே பொருள். அது உண்மை பேசுகிறதா என்பதற்கு அந்தக் குறி சாட்சி சொல்லாது.

"பக்கத்தில் பழைய முள் கருவியும் இருக்கிறதே சார், அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாமே" என்று அடுத்துக் கேட்பார்கள். இங்கேதான் பலரும் இடறுகிறார்கள். நம்மிடம் பரவலாகப் பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172-இன் திரை விமானத்தில், மாற்றாக வைத்திருக்கும் முள் வேகமானியும் அதே ஒற்றைப் பிட்டோ குழாயிலிருந்துதான் காற்றைப் பெறுகிறது. குழாய் அடைபட்டால் திரையும் முள்ளும் ஒரே பொய்யைச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போவதைக் கண்டு விமானி இன்னும் உறுதியாக நம்புவார். ஒரே கிணற்றில் இரண்டு வாளி இறைத்துவிட்டு, இரண்டு நீரும் ஒரே சுவையாக இருக்கிறது, ஆகவே நல்ல நீர் என்று சொல்வதைப் போன்றது அது.

அந்தப் பொய் எந்தப் பக்கம் சாயும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் கருவி வேகமாகக் காட்டுகிறது. குழாயின் முன்வாயும் நீர் வடியும் துளையும் சேர்ந்து அடைபட்டு, உள்ளே காற்று சிறைப்பட்டிருக்கும் நிலையில் விமானம் மேலே ஏறினால், வெளி அழுத்தம் குறையக் குறையக் காட்டும் வேகம் கூடிக்கொண்டே போகும். வேகம் மிகுதியாகிறது என்று எண்ணி விமானி மூக்கை உயர்த்துவார். உண்மை வேகமோ குறைந்துகொண்டிருக்கும். 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசின் போர்ட்டோ பிளாட்டாவிலிருந்து புறப்பட்ட பிர்கன்ஏர் போயிங் 757 விமானத்தில் இதுதான் நடந்தது. ஓடுபாதையிலேயே தன் பக்கத்து வேகமானி வேலை செய்யவில்லை என்று கேப்டன் கவனித்தார்; ஆனாலும் தொடர்ந்தார். மேலே ஏறியபின் அது வேலை செய்யத் தொடங்கியது போலத் தோன்றியது. விமானத்தைத் தானே ஓட்டும் தானியங்கியும் அந்தத் தவறான வேகத்தையே நம்பி மூக்கை உயர்த்தியது. 189 பேரும் இறந்தார்கள். பல நாள் பறக்காமல் நின்ற அந்த விமானத்தின் குழாயில் குளவிதான் கூடு கட்டியிருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. அதுவும் திரைகள் கொண்ட விமானம்தான்.

குளவியைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாவித் துளையிலும் சுவர் ஆணியின் ஓட்டையிலும் இரண்டே நாளில் மண் பூசிவிடும். வீட்டில் கூடு கட்டினால் நல்லது நடக்கும் என்று பெரியவர்கள் கலைக்கவும் விடமாட்டார்கள். வீட்டில் இருக்கட்டும். விமானத்தை நிறுத்தி எஞ்சின் ஆறியதும் பிட்டோ குழாய்க்கு உறை போடுங்கள். ஒரு மணி நேரம்தான் நிற்கப்போகிறது என்ற பேச்சே வேண்டாம். உறையின் சிவப்பு நாடா தூரத்திலிருந்தே தெரியும் நீளத்தில் இருக்க வேண்டும்; கிழிந்த உறைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பையைக் கட்டுவதை இனி நான் பார்க்கக் கூடாது. பறப்பதற்குமுன் குனிந்து குழாயின் வாயையும் அதன் வடிதுளையையும் வெளிக்காற்றின் அழுத்தத்தை வாங்க விமானத்தின் பக்கவாட்டில் இருக்கும் நிலையழுத்தத் துளையையும் கண்ணால் பாருங்கள். அடைப்பு தெரிந்தால் கம்பியால் குத்தாதீர்கள். வாய் வைத்தோ காற்றுக் குழல் வைத்தோ ஊதவே ஊதாதீர்கள். மறுமுனையில் இருக்கும் அழுத்த உணரி அந்த ஒரு மூச்சில் கெட்டுவிடும், பிறகு விலை உயர்ந்த ஒரு பெட்டியை நான் கழற்ற வேண்டியிருக்கும். இணைப்பைப் பிரித்துச் சுத்தம் செய்து, கசிவுச் சோதனையும் செய்து முடிப்பது பொறியாளரின் வேலை.

ஓடுபாதையில் வேகப் பட்டை உயிர் பெற்றதை உரக்கச் சொல்லுங்கள். மனத்துக்குள் சொல்வது போதாது. உயிர் பெறவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். மதுரை ஓடுபாதை ஏறத்தாழ 2,300 மீட்டர் நீளம், உங்கள் விமானம் நிற்க அதில் ஒரு சிறு பகுதியே போதும். வானத்தில் ஏறியபின் சந்தேகம் வந்தால் அதே திரையில் ஜிபிஎஸ் காட்டும் தரைவேகத்தைப் பாருங்கள், அது பிட்டோ குழாயைச் சார்ந்ததல்ல. ஆனால் ஆடி மாதத்தில் மேற்குக் கணவாய்களின் வழியே வீசும் காற்றில் தரைவேகமும் காற்றுவேகமும் வெகுவாக வேறுபடும் என்பதையும் மனத்தில் வையுங்கள். எந்த எஞ்சின் விசைக்கு எந்த மூக்கு நிலையில் விமானம் எப்படிப் பறக்கும் என்பதைக் கையேட்டைப் பார்க்காமல் சொல்லத் தெரியாத மாணவரைத் தனியாக அனுப்பாதீர்கள் என்று பயிற்றுநர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஞ்சின் சுழற்சியில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் நின்றுவிட்டால் திரைக்கு உயிர் கொடுப்பவை முதன்மை பேட்டரியும் அதற்குப்பின் ஒரு மாற்று பேட்டரியுமே. அந்த மாற்று பேட்டரி ஏறத்தாழ அரை மணி நேரம் தாங்கும், அதுவும் நல்ல நிலையில் இருந்தால் மட்டும். எஞ்சினைக் கிளப்பும்முன் சோதனை சுவிட்சை 20 விநாடி அழுத்திப் பிடித்து, பச்சை விளக்கு அணையாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது செக்லிஸ்ட். மூன்று விநாடியில் விரலை எடுப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். வலுவிழந்த பேட்டரியும் மூன்று விநாடி பச்சையாகத்தான் எரியும்.

ஒரு திரை இருண்டுவிட்டால் மற்றொரு திரைக்கு எல்லாவற்றையும் கொண்டுவரும் சிவப்புப் பொத்தான் இரண்டு திரைகளுக்கும் நடுவே இருக்கிறது. பயிற்சி முடிக்கும் தறுவாயில் இருந்த ஒரு மாணவர் அதை ஒருமுறைகூட அழுத்தியதில்லை என்று அறிந்தபோது எனக்குக் கோபத்தைவிட வருத்தமே மிகுந்தது. தரையிலேயே அழுத்திப் பழகுங்கள். பழுது நேர்ந்தது போலக் காட்டுவதற்காகச் சர்க்யூட் பிரேக்கரை இழுக்கும் பயிற்றுநர்கள் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். பிரேக்கர் சுவிட்ச் அல்ல. அடிக்கடி இழுத்தால் தளர்ந்து, உண்மையிலேயே பழுதாகும் இடமாக அதுவே மாறிவிடும். திரையின் வெளிச்சத்தை முழுவதும் குறைத்தாலே போதும்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். நான் இதுவரை சரிசெய்த திரைக் கோளாறுகளில் பெட்டியே கெட்டிருந்தவை குறைவு. தளர்ந்த கனெக்டர், உராய்ந்த வயர், பச்சை பூத்த எர்த் இணைப்பு, தூசி அடைந்து சுற்றாமல் நின்ற குளிர்விக்கும் விசிறி ஆகியவைதான் மிகுதி. கத்திரி வெயிலில் மூடிய விமானத்துக்குள் கருவிப் பலகையின் பின்புறம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அந்தச் சூட்டில் விசிறியும் நின்றிருந்தால் எந்தப் பெட்டிதான் தாங்கும்? பெட்டியை மாற்றிப் பார்ப்போம் என்று கிளம்புவதற்குமுன் விசிறியின் ஓசையைக் கேளுங்கள், கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பெட்டியைக் கழற்றி மறுபடி சொருகும்போது கனெக்டர் சுத்தமாகிக் கோளாறு சில நாள் மறைந்திருக்கும், பிறகு வேறொரு மாணவர் மேலே இருக்கும்போது திரும்பி வரும்.

இதற்கு நீங்கள் எனக்குச் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. திரை ஒரு விநாடி இருண்டு மீண்டாலும், திசை ஒருமுறை தடுமாறிச் சரியானாலும், "தானாகச் சரியாகிவிட்டது" என்று விட்டுவிடாமல் விமானப் பதிவேட்டில் எழுதுங்கள். எந்த நேரம், எந்த உயரம், எந்தச் சுவிட்சுகள் போட்டிருந்தன, என்ன செய்தி வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, வெளியே எவ்வளவு வெப்பம் என்பதை எழுதுங்கள். பேரேட்டைக் கெடுக்காதே என்று யாராவது சொன்னாலும் எழுதுங்கள். முடிந்தால் அந்தத் திரையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்; ஆனால் விமானத்தைப் பறக்கவைக்கும் பொறுப்பில் இருப்பவர் எடுக்காதீர்கள், பக்கத்து இருக்கையில் இருப்பவர் எடுக்கட்டும்.